ஐநூத்தி ஆறு போயிடுச்சாம், போகட்டும்!

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன்: கிரிக்கெட்னா காத தூரம் ஓடறவங்க இப்பவே அடுத்த பதிவுக்கு எஸ்கேப் ஆயிடலாம். மத்தவங்க ஒரு டீ சொல்லிட்டு உக்காருங்க. பதிவு கொஞ்சம் நீளம், சூடும் கொஞ்சம் ஜாஸ்தி.

2025 டிசம்பர் 24ஆம் தேதி ராஞ்சியில விஜய் ஹசாரே கோப்பை மேட்ச். பீகார் 50 ஓவர்ல 574 ரன் அடிச்சுது, 6 விக்கெட்டுக்கு. எதிர்ல அருணாச்சலப் பிரதேசம். வைபவ் சூரியவன்ஷி, பதினாலு வயசுப் பொடியன், 84 பந்துல 190. அதோட 2022லேர்ந்து தமிழ்நாட்டுகிட்ட இருந்த 506 ரன் உலக சாதனை காலி. அன்னியிலேர்ந்து நம்ம சகபதிவர்கள் சில பேர் வெச்ச ஒப்பாரி இருக்கே, எழவு வீட்டுல கூட இப்படி அழமாட்டாங்க. தமிழனோட பெருமை பறிபோச்சாம். வாரியத்தோட சதியாம். ஒருத்தர் கவிதையே எழுதிட்டார். (அதைப் பத்தி தனியா ஒரு பதிவு போட்டாத்தான் என் ஆத்திரம் அடங்கும், இப்ப வேணாம்.)

எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரலை. வரவேண்டிய இடம் இது இல்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த 506 என்னன்னு பாத்துடுவோம். அடிச்சவங்க மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, சொல்லப்போனா அந்த ஸ்கோர்கார்டை அன்னிக்கு ராத்திரி மூணு தடவை திறந்து திறந்து பாத்த ஆளு நான். 2022 நவம்பர் 21, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம். நாராயண் ஜெகதீசன் 141 பந்துல 277. இருபத்தஞ்சு ஃபோர், பதினஞ்சு சிக்ஸர். சாய் சுதர்சன் 154. ரெண்டு பேரும் முதல் விக்கெட்டுக்கு 416. ஒருநாள் கிரிக்கெட்ல எந்த விக்கெட்டுக்கும் அதுவரைக்கும் நானூறு ரன் ஜோடி கிடையாது. சர்ரே அணியோட அலிஸ்டர் பிரவுன் 2002ல அடிச்ச 268ஐ ஜெகதீசன் தாண்டினார். இங்கிலாந்து அதே வருஷம் ஜூன்ல நெதர்லாந்தைப் போட்டு அடிச்ச 498ஐ டீம் தாண்டுச்சு. அதுக்கும் மேல, ஜெகதீசனுக்கு அது தொடர்ச்சியா அஞ்சாவது சதம். ஆந்திரா, சத்தீஸ்கர், கோவா, ஹரியானா, அப்புறம் அருணாச்சல். சங்கக்காராவே நாலோட நின்னுட்டார். இத்தனையும் எப்போ? சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை டீமை விட்டு விடுவிச்ச அதே வாரத்துல. அந்த வைராக்கியத்துக்கு ஒரு பெரிய சல்யூட்.

சரி. அருணாச்சல் 71க்கு ஆல் அவுட். 435 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சோம். அதுல அஞ்சு விக்கெட் எடுத்தது யாருன்னு கேட்டா எத்தனை பேர் பதில் சொல்லுவீங்க? கூகிள் பண்ணாம சொல்லுங்க. மணிமாறன் சித்தார்த். 12 ரன் கொடுத்து 5 விக்கெட். அந்தப் பேர் எந்தப் பதிவுலயும் தலைப்பா வரலை. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இப்ப முக்கியமான கேள்வி. ஏழு நாள் கழிச்சு என்ன ஆச்சு?

நவம்பர் 28. காலிறுதி. எதிர்ல சௌராஷ்டிரா. அவங்க 293 அடிச்சாங்க. ஒரே வாரம் முன்னாடி 506 அடிச்ச டீமுக்கு 294 ஒரு இலக்கா? 249க்கு சுருண்டோம். ஜெகதீசன் 8. அந்தத் தொடர்ல அவர் மொத்தம் 830 ரன், விஜய் ஹசாரே வரலாற்றுலயே ஒரு தொடர்ல அதிகம். கோப்பை? சௌராஷ்டிரா எடுத்துட்டுப் போச்சு. அதே சீசன்ல ரஞ்சிக் கோப்பையும் அவங்களே. அந்த டீமோட உலக சாதனை ஏதாவது ஒண்ணு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கும் இல்லை. அவங்ககிட்ட ரெண்டு கோப்பை இருக்கு, நம்மகிட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்துது. இப்ப அந்த ஸ்கிரீன்ஷாட்டும் பழசாயிடுச்சு.

"அடப்போய்யா, ஒரு நாள் சறுக்கல்"னு சொல்றவங்களுக்கு அதுக்கு முந்தின வருஷத்தைக் காட்டறேன். 2021 டிசம்பர் 26, ஜெய்ப்பூர்ல விஜய் ஹசாரே ஃபைனல். தமிழ்நாடு 314. தினேஷ் கார்த்திக் 116. எதிர்ல இமாச்சலப் பிரதேசம், அதுவரைக்கும் ஒரு கோப்பை கூட ஜெயிக்காத டீம். நம்ம வீட்டுல எல்லாரும் டிவியை அணைச்சுட்டு மத்தியானம் தூங்கப் போயிட்டாங்க, ஜெயிச்சாச்சுன்னு. சுபம் அரோரா நின்னு 136 அடிச்சார், அவுட்டே ஆகலை. வெளிச்சம் மங்கி மேட்ச் நின்னப்போ கணக்குப்படி இமாச்சல் 11 ரன் முன்னாடி. முடிஞ்சுது. முந்நூறுக்கு மேல போட்டும் காப்பாத்த முடியலை.

இன்னும் பழசு வேணுமா? 1988-89 ரஞ்சி சீசன். கோவாவுக்கு எதிரா தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 டிக்ளேர். தொள்ளாயிரத்துப் பன்னண்டு! டபிள்யூ.வி.ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302 நாட் அவுட். ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு முச்சதம், உலகத்துலயே அது முதல் தடவை. எங்க பெரியப்பா இதை இன்னிக்கும் கல்யாண வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பார். அந்த சீசன் கோப்பை யாருக்கு பெரியப்பான்னு கேட்டா மட்டும் மோர்க்குழம்பு ஊத்தச் சொல்லிடுவார். டெல்லிக்கு.

தமாஷ் என்னன்னா, அன்னிக்கு நம்மகிட்ட 912 வாங்கின அதே கோவா, 2024 நவம்பர்ல ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு முச்சதம் அடிச்சுது. ஸ்னேஹல் கௌதங்கர், காஷ்யப் பக்லே. எதிர்ல யாரு? மறுபடியும் அருணாச்சல் பிரதேசம்தான். தமிழ்நாடு 506, கோவா 727க்கு 2, பீகார் 574, மூணுமே ஒரே ஊர் பௌலர்கள் மேல எழுதினது. நான் அருணாச்சல் பசங்களைக் கேலி பண்ணலை. 2018-19லதான் அவங்க உள்ளயே வந்தாங்க. இதை எழுதறதே, அடிக்கற ரன்னுல பாதி எதிர்ல யார் பந்து போடறாங்கங்கறதுல இருக்குன்னு சொல்றதுக்குத்தான். 2022ல அவங்களை நம்ம குரூப்லயே போட்டிருந்தாங்க. 2025ல அவங்க தனியா பிளேட் பிரிவுல. அங்க நாம ஆடவே இல்லை, சாதனை அங்கயே உடைஞ்சுது. இதுல சதி எங்க வந்துது?

ஒப்பாரி வைக்கணும்னா இதுக்கு வைங்க: தமிழ்நாடு கடைசியா ரஞ்சிக் கோப்பை ஜெயிச்சது 1987-88ல. எஸ்.வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்துல ரயில்வேயைத் தோக்கடிச்சாங்க. அதுக்கு முன்னாடி 1954-55, மெட்ராஸ்ங்கற பேர்ல. மொத்தமே ரெண்டு. 1988க்கு அப்புறம் ஆறு ஃபைனல் போயிருக்கோம்: 91-92, 95-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15. ஆறும் அவுட்டு. அதுல மூணு ஃபைனல் நம்ம சொந்த சேப்பாக்கத்துலயே. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு ரஞ்சிக் கோப்பை பாத்ததில்லை. என் பையன் பாப்பானாங்கறது சந்தேகம்தான்.

இப்ப கோச் கதைக்கு வர்றேன். இங்கதான் நெறைய பேருக்கு என் மேல கோவம் வரப்போகுது.

2023-24 சீசனுக்கு சுலக்ஷன் குல்கர்னியைக் கொண்டுவந்தாங்க. மும்பைக்காரர். 2012-13ல மும்பைக்குக் கோச்சா இருந்து ரஞ்சி ஜெயிச்சுக் கொடுத்தவர். அந்த வருஷம் தமிழ்நாடு ஏழு வருஷம் கழிச்சு அரையிறுதி போச்சு. காலிறுதியில கோயம்புத்தூர்ல சௌராஷ்டிராவை, ஆமா அதே சௌராஷ்டிராவை, இன்னிங்ஸ் வித்தியாசத்துல துவைச்சாங்க. எப்படிப் போனோம் அரையிறுதிக்கு? ஜெகதீசன் 816 ரன் அடிச்சார், ஒரு முச்சதம் உட்பட, மறுக்கலை. ஆனா கேப்டன் சாய் கிஷோர் 53 விக்கெட், அந்த சீசன்ல நாட்டுலயே முதலிடம். கூட அஜித் ராம் 41 விக்கெட். ரெண்டு இடது கை ஸ்பின்னர் சேர்ந்து 94. ஐநூத்தி ஆறு அடிச்ச வருஷம் போகாத தூரத்துக்கு இந்த 94 விக்கெட் கொண்டுபோச்சு. அதைப் பத்தி நம்ம ஆளுங்க எத்தனை பதிவு போட்டாங்க? நான் தேடினவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஒரு கோயம்புத்தூர் நண்பர், மேட்ச் பாக்கப் போய் வெயில்ல வாடின கதையோட.

அப்புறம் வந்துது 2024 மார்ச் அரையிறுதி, மும்பையில, மும்பைக்கு எதிரா. பச்சைப் பசேல்னு பிட்ச். சாய் கிஷோர் டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்தார். 42க்கு 5. மொத்தம் 146. மேட்ச் மூணே நாள்ல முடிஞ்சுது, இன்னிங்ஸ் 70 ரன்ல தோல்வி. முடிஞ்ச கையோட கோச் பத்திரிகைக்காரங்ககிட்ட பேசினார்: பௌலிங் எடுத்திருக்கணும், கேப்டனுக்கு வேற உள்ளுணர்வு, முதல் நாள் காலையிலயே மேட்ச் கையை விட்டுப் போயிடுச்சுன்னு. தினேஷ் கார்த்திக் கொதிச்சு எழுந்தார்: ஏழு வருஷம் கழிச்சு அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டனைப் பொதுவுல கைவிடறதான்னு.

நான் ரெண்டு பக்கமும் பேசறேன், கேளுங்க.

கோச் சொன்னது தப்பு. நாகரிகத்துக்காக மட்டும் சொல்லலை, கணக்குப்படியே தப்பு. 146க்கு ஆல் அவுட் ஆன பிறகும் மும்பை 106க்கு 7! டாஸ்ல மேட்ச் போயிருந்தா இந்த 106க்கு 7 எங்கேர்ந்து வந்துது? சாய் கிஷோர் அந்த இன்னிங்ஸ்ல ஆறு விக்கெட். மேட்ச் போனது அதுக்கு அப்புறம். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் ஆட வந்த ஷர்துல் தாக்கூர் 109, தனுஷ் கோட்டியான் 89 நாட் அவுட். 106க்கு 7ல இருந்தவங்க 378 எடுத்தாங்க. வால் பகுதியைச் சுருட்ட நம்மகிட்ட ஒரு வேகப்பந்து வீச்சாளர் இல்லை, அந்தப் பச்சை பிட்ச்ல! மொத்தச் சுமையும் ஸ்பின்னர் தோள்ல. காலையில ஒன்பது மணி டாஸ்ல இல்லை சாமி விஷயம், அது வருஷக்கணக்கா வேகப்பந்துக்கு ஆள் தயார் பண்ணாததுல இருக்கு.

அடுத்து இந்தப் பக்கம். தப்பாப் பேசின கோச்சைக் கூப்பிட்டு நாலு சுவத்துக்குள்ள வெச்சுக் கிழிச்சிருக்கலாம். என்ன ஆச்சு? அடுத்த சீசன்ல அவர் இல்லை, லட்சுமிபதி பாலாஜி வந்தார். காலிறுதியில நாக்பூர்ல விதர்பாகிட்ட 198 ரன்ல தோத்தோம். அதுக்கு அடுத்த சீசன்ல பாலாஜி இல்லை, செந்தில்நாதன். பின்னாடியும் போய்ப் பாருங்க. ரிஷிகேஷ் கனிட்கர் இருந்தப்போ 2016-17ல விஜய் ஹசாரே கோப்பை. அவர் போனார். டி.வாசு வந்தார், 2021 ஜனவரியில சையது முஷ்டாக் அலி டி20 கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தார். கோப்பை ஜெயிச்ச கையோட அடுத்த சீசன்ல வெங்கடரமணா. (87-88 டீம்ல ஆடினவர்.) அவரும் அதே டி20 கோப்பையை அடுத்த வருஷமே எடுத்தார், ஷாருக் கான் கடைசிப் பந்துல சிக்ஸர் அடிச்சாரே, அந்த வருஷம். அவரும் போனார். பத்து வருஷத்துக்குள்ள ஆறு கோச். எங்க ஊர் ரேஷன் கடையில கூட ஆளு இவ்வளவு சீக்கிரம் மாத்த மாட்டாங்க.

ஜெயிச்சாலும் மாத்தறோம், தோத்தாலும் மாத்தறோம். அப்புறம் எதை வெச்சு ஒரு கோச்சை எடை போடறது? ஒருத்தர் வந்து பசங்க பேரைக் கத்துக்கறதுக்கே ஒரு சீசன் ஆகும். பதினேழு வயசுல ஒரு வேகப்பந்து பையனைப் புடிச்சு, ஆக்‌ஷனைச் சரி பண்ணி, உடம்பைத் தேத்தி, ரஞ்சி ஆட வைக்க நாலு வருஷமாவது ஆகும். ஒரு வருஷ கோச் எதுக்கு அந்த வேலையைத் தொடுவார்? அவருக்கு இந்த மார்ச்சுக்குள்ள ரிசல்ட் வேணும்.

அதே சேப்பாக்கத்துல அடுத்த ரூம்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. சென்னை சூப்பர் கிங்ஸ். ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009லேர்ந்து கோச். 2020ல ஏழாவது இடம், அவமானம். மாத்தினாங்களா? இல்லை. 2021ல கோப்பை. 2022ல பத்து டீம்ல ஒன்பதாவது. மாத்தினாங்களா? இல்லை. 2023ல கோப்பை, அஞ்சாவது. 2025ல கடைசி இடம். அப்பவும் மாத்தலை. எனக்கு சிஎஸ்கே மேல பெரிய காதல் ஒண்ணும் கிடையாது, மஞ்ச சட்டை போட்டு டான்ஸ் ஆடற வயசும் இல்லை. ஆனா ஒரு ஆளை நம்பினா எத்தனை வருஷம் நம்பணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே மைதானம், ஒரே காத்து, ஒரே காபி. பக்கத்து ரூம்ல எட்டிப் பாத்து ஏன் கத்துக்கலை?

"தமிழன் ஒருத்தனை கோச்சா போட்டா எல்லாம் சரியாயிடும், மும்பைக்காரனுக்கு நம்ம மேல என்ன அக்கறை"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. அவங்களுக்கு சந்திரகாந்த் பண்டிட் பேரைச் சொல்றேன். மும்பைக்காரர். 2002-03, 2003-04 ரெண்டு ஃபைனல்லயும் நம்மளை அடிச்ச மும்பைக்குக் கோச் இவர்தான். அப்புறம் விதர்பா போனார். அதுவரைக்கும் ரஞ்சி ஃபைனலையே பாக்காத டீம். 2017-18, 2018-19, ரெண்டு வருஷம் தொடர்ச்சியா கோப்பை. அதுக்கப்புறம் மத்தியப் பிரதேசம். 2021-22ல அவங்களுக்கு முதல் ரஞ்சி, அதுவும் ஃபைனல்ல இவரோட சொந்த மும்பையையே தோக்கடிச்சு! இவர் விதர்பாக்காரரா? மத்தியப் பிரதேசத்துக்காரரா? அந்த ஊர் ஜனங்க அவர் ஜாதகத்தைப் பாத்தாங்களா? விதர்பா முதல் கோப்பை ஜெயிச்ச ஃபைனல்ல ஹாட்ரிக் எடுத்தது ரஜ்னீஷ் குர்பானி, வேகப்பந்து வீச்சாளர். நான் மேல சொன்னதோட பொருத்திப் பாத்துக்கங்க.

இது கிரிக்கெட்ல மட்டும் நடக்கற கூத்து இல்லை. எங்க ஒண்ணுவிட்ட மாமா பையன் அமெரிக்காவுல இருக்கான், அந்த ஊர் ஃபுட்பால் பைத்தியம். (கையால தூக்கிட்டு ஓடறதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேருன்னு கேட்டதுக்கு ஒரு மாசம் பேசலை.) அவன் சொல்லித்தான் பாத்தேன். 2007ல நியூ இங்கிலாண்ட் பேட்ரியாட்ஸ்னு ஒரு டீம் லீக்ல பதினாறு மேட்சும் ஜெயிச்சு 589 புள்ளி குவிச்சுது, அன்னிக்கு அது சாதனை. ஃபைனல்ல நியூயார்க் ஜயன்ட்ஸ்கிட்ட 14-17ல போச்சு. 2013ல டென்வர் அதையும் தாண்டி 606 புள்ளி. ஃபைனல்ல சியாட்டில் 43, டென்வர் 8! எட்டு! அந்த வருஷம் லீக்லயே எதிரிக்குக் குறைச்சலா புள்ளி விட்ட டீம் சியாட்டில். அந்த பேட்ரியாட்ஸ் கோச் பில் பெலிசிக் இருக்காரே, 2000ல வந்த முதல் சீசன்ல 5 ஜெயிச்சு 11 தோத்தார். நம்ம ஊரா இருந்தா அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பாங்க. அங்க விட்டு வெச்சாங்க. அடுத்த சீசன்லயே கோப்பை, 2023 சீசன் வரைக்கும் இருந்து மொத்தம் ஆறு.

நான் பெருநகர்ல இருக்கேன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி போற ரோட்டுல, செய்யாத்துக்குப் பக்கத்துல. தைப்பூசத்துக்கு சுத்துப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் ஆத்துக்கு வந்து கூடும், அந்தத் திருவிழா முடிஞ்சு ஏரி காய ஆரம்பிச்சா டென்னிஸ் பால் டோர்னமெண்ட் ஆரம்பம். ஃபிளெக்ஸ் பேனர், முதல் பரிசு, சுழற்கோப்பை, மைக்செட்ல கமெண்ட்ரி. இதுல வர்ற பசங்கள்ல பேட்ஸ்மேனை விடுங்க, அவனவன் மடக்கு மடக்குன்னு சுத்துவான். பந்து போடறவங்களைப் பாக்கணும். நாலஞ்சு வருஷம் முன்னாடி பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன், இடது கை, ஓடி வர்றதே ஒரு அழகு. யார்க்கர்னா ஸ்டம்புக்கு அடியில போய் உக்காரும். அண்ணே, தோல் பந்துல போட்டா எனக்கு வருமாணேன்னு கேட்டான். எனக்கென்ன தெரியும், காஞ்சிபுரம் போய்ப் பாருடான்னு சொன்னேன். போய்ட்டு வந்தான். பயிற்சிக் கட்டணம், ஷூ, வெள்ளை டிரஸ், தினம் ரெண்டு பஸ். அவங்க அப்பா ஏர் ஓட்டற ஆளு. இப்ப அந்தப் பையன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் பாக்கறான். ஞாயித்துக்கிழமை ஷிப்ட் இல்லைனா வந்து போடுவான், யார்க்கர் இன்னும் அப்படியே விழுது.

நடராஜன் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பால். ஜெயப்பிரகாஷ்னு ஒரு மனுஷர் அந்தப் பந்தைப் பாத்தார், சென்னை லீகுக்கு அனுப்பினார். 2015ல ரஞ்சி. உடனே ஆக்‌ஷன் மேல சந்தேகம்னு புகார். அதைச் சரி பண்ணிட்டு வந்தார், 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட். அவர் 2023ல ஊர்லயே ஒரு மைதானமும் கட்டிட்டார். நாம என்ன எழுதினோம்? ஏழைத் தாயின் மகன், விடாமுயற்சி, கண்ணீர், இசை. ஒரு மாநில கிரிக்கெட் சங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனுஷர் தன் கைக்காசுலயும் நேரத்துலயும் செஞ்சார்னு ஒருத்தராவது கோவமா எழுதினீங்களா? எத்தனை ஊர்ல ஒரு ஜெயப்பிரகாஷ் இருப்பார்? எங்க ஊர்ல இல்லை.

எங்களுக்குப் பக்கத்துலதான் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைப் பத்தி வருஷா வருஷம் பதிவு போட்டு சோழர் பெருமை பேசறோமே, அதுல என்ன எழுதியிருக்கு? பராந்தகன் காலம், ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி. கடந்த மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவன் பேரைக் குடத்துல போடக்கூடாது. கணக்குக் காட்டாதவன் பேரும் கூடாது. அதாவது நாற்காலியில உக்காந்திருக்கறவங்களை மாத்திக்கிட்டே இருக்கறதுக்கு விதி. நம்ம கிரிக்கெட்ல தலைகீழ். 2002லேர்ந்து வருஷக்கணக்கா சங்கத் தலைவர் என்.சீனிவாசன், 2019ல தலைவரா வந்தது அவர் மகள் ரூபா குருநாத். மேல நாற்காலி அசையாது, கீழ வெயில்ல நிக்கற கோச் மட்டும் வருஷத்துக்கு ஒருத்தர். அந்தக் கல்வெட்டை நகல் எடுத்து சேப்பாக்கம் வாசல்ல ஒண்ணு நட்டு வெக்கலாம்.

இதுக்கு வரப்போற பின்னூட்டம் எல்லாம் எனக்கு இப்பவே தெரியும். "ஜெகதீசனை மட்டம் தட்டறியா?" தட்டலை. பீகார் 574 அடிச்ச அன்னிக்கும் அவரோட 277 உடையலை, அது அவர் சொத்து. "டி20 கோப்பை மூணு ஜெயிச்சிருக்கோமே?" ஜெயிச்சோம், 2006-07, 2020-21, 2021-22, சந்தோஷம். நாலு நாள் மேட்ச்ல இருபது விக்கெட் எடுத்தாத்தான் கோப்பை, டி20 மாதிரி நாலு ஓவர் கட்டுப்படுத்தினா போதாது. "நீ தமிழனா?" ரேஷன் கார்டு ஸ்கேன் பண்ணி அனுப்பறேன், மெயில் ஐடி கொடுங்க.

அடுத்த சீசன் அக்டோபர்ல. கோச் யாருன்னு அறிவிப்பு வரும்போது பேரைப் பாத்துட்டு மும்பையா மயிலாப்பூரான்னு அடிச்சுக்காதீங்க. ஒப்பந்தம் எத்தனை வருஷம்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு வருஷம்னு இருந்தா கும்மியை அப்ப ஆரம்பிங்க, நானும் வர்றேன். அந்த ஒரகடத்துப் பையனுக்கு இப்ப இருபத்தி மூணு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் அவன் தோள் தாங்கும்.